பிரியஸுக்குப் போட்ட டொயோட்டா ஒரிஜினல் 15 இஞ்ச் ரிம்: எட்டு மாதம் ஓடிய பிறகு

கல்முனையில் ஜப்பானில் பாவித்த சாமான் விற்கும் கடையொன்றில் போன வைகாசியில் நாலு அலோய் ரிம் எடுத்தேன். டொயோட்டா பிரியஸ் 30க்குக் கம்பனியே போட்டு அனுப்புகிற அதே 15 இஞ்ச் ரிம், கொப்பி இல்லை. நாலுக்கும் 78,000 ரூபா, நட்டுக்குத் தனிக் காசு. புதுசும் இல்லை, ஒன்றின் ஓரத்தில் எங்கேயோ சீமெந்துக் கட்டில் உரசிய தழும்பு கிடக்கிறது, இன்னொன்றுக்கு வெளிக் கப் கிடைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து வேலைக்காக மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில், வயலுக்காக மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் என்று 11,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடிவிட்டேன். காலையில் எழும்பிப் பார்க்கும்போது டயர் இறங்கி நின்ற நாள் ஒன்றுகூட இல்லை. அதற்கு முந்திய மூன்று வருடமும் என்ன பாடு பட்டேன் என்று தெரிந்தால்தான் இது ஏன் எனக்குப் பெரிய விசயம் என்று விளங்கும்.

2019இல் கார் எடுத்தபோது அதில் ஒரிஜினல் ரிம்தான் இருந்தது. பிரியஸ் 30இன் 15 இஞ்ச் ரிம்மைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெளியில் வெள்ளி நிறப் பிளாஸ்டிக் கப் ஒன்று முழுசாக மூடியிருக்கும். அதனால் உள்ளே இரும்பு ரிம் என்றே பலரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கப்பைக் கழற்றினால் ஐந்து கை வைத்த நல்ல அலோய் ரிம் உள்ளே இருக்கிறது. சக்கரத்துக்குள் காற்று புகுந்து காரை இழுக்காமல் வழுக்கிக்கொண்டு போகத்தான் கம்பனி அந்தக் கப்பைப் போட்டது. இது தெரியாமல், டயர் மாற்றப் போன ஒரு கடையில், "இது வயசாக்கள்ட ரிம் அண்ணன், 17 போடுங்க, ஜப்பான் ஒரிஜினல் வந்து கிடக்கு" என்று சொன்னதை நம்பி, என் நாலு ரிம்மையும் அவர்களிடமே விட்டுவிட்டு, கறுப்பும் வெள்ளியும் கலந்த 17 இஞ்ச் ரிம்மோடும் 215/45 டயரோடும் வீட்டுக்கு வந்தேன். வடிவாகத்தான் இருந்தது, அதை மறுக்கமாட்டேன். தெருவில் நிறுத்தினால் இரண்டு பேர் நின்று பார்ப்பார்கள்.

முதல் கிழமையே 75, 80 வேகத்தில் ஸ்டீரிங் நடுங்கத் தொடங்கியது. மூன்று தரம் பேலன்ஸ் செய்தேன், இரண்டு தரம் அலைன்மெண்ட் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் "இப்ப சரி" என்பார்கள், களுவாஞ்சிகுடி தாண்டுவதற்குள் மறுபடி நடுங்கும். காரணம் பிறகுதான் விளங்கியது. பிரியஸின் ஹப், அதாவது ரிம் போய் உட்காரும் நடு மேடு, 54.1 மில்லிமீற்றர். ஒரிஜினல் ரிம்மின் நடு ஓட்டையும் அதே 54.1தான், அதனால் நட் போடுவதற்கு முதலே ரிம் ஹப்பில் கச்சிதமாக உட்கார்ந்து நடுவுக்கு வந்துவிடும். பல காருக்கும் போக வேண்டும் என்று செய்கிற ரிம்மில் நடு ஓட்டையைப் பெரிதாக வைத்துவிடுவார்கள், எனக்குத் தந்ததில் 73.1 இருந்தது. அப்படிப்பட்ட ரிம்முக்கு இடைவெளியை நிரப்பும் வளையம் ஒன்று போட வேண்டும். என் காரில் நாலிலும் வளையம் இருக்கவில்லை. ரிம் நட்டை மட்டும் நம்பி நின்றிருக்கிறது. பேலன்ஸ் மெஷினில் சரியாகச் சுற்றுகிற சக்கரம் காரில் ஏறியதும் அரை மில்லிமீற்றர் விலகினால் ஸ்டீரிங் நடுங்காமல் என்ன செய்யும்?

காற்று இறங்குவது அடுத்த தலைவலி. கிழமைக்கு ஒரு தரம் காற்றடித்தேன், பிறகு இரண்டு நாளைக்கு ஒரு தரம்.

அப்புறம் இந்த 15 இஞ்ச் ரிம் எடுத்த அதே வருடம் தை மாதம். வெள்ளம் வடிந்து இரண்டு கிழமை இருக்கும், வெல்லாவெளியில் மாமி வீட்டுக்குப் போய்விட்டு இரவு பட்டிருப்புப் பாலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தோம், பின்னால் மனைவியும் மகளும். ரோட்டில் தண்ணீர் நின்றதால் கிடங்கின் ஆழம் தெரியவில்லை, நான் 40க்கு மேல் போகவும் இல்லை. ஒரே ஒரு அடி. கார் இடது பக்கம் சரிந்து நின்றுவிட்டது. ஃபோன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால், முன் ரிம்மின் உள்பக்க விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குத் துண்டே இல்லை. அந்தத் துண்டைத் தேடி எடுத்து இன்னமும் வைத்திருக்கிறேன். உடைந்த முகத்தைப் பார்த்தால் பிஸ்கட்டை முறித்ததுபோல் பொருபொருவென்று, குண்டூசி முனை அளவு ஓட்டைகள் நிறைய. நல்ல அலோய் இப்படி அடிபட்டால் முதலில் வளையும். இது வளையவே இல்லை, சட்டி உடைந்த மாதிரி உடைந்திருக்கிறது.

என் காரில் ஸ்பெயார் டயர் கிடையாது, ஒட்டுமருந்துப் போத்தலும் காற்றடிக்கிற குட்டி மோட்டாரும்தான். ரிம்மே போன பிறகு அதெல்லாம் ஒன்றுக்கும் உதவாது. களுவாஞ்சிகுடியில் இருக்கும் நண்பனுக்கு எடுத்தேன். "மச்சான், பயப்படாத, அலியன்ட ஸ்பெயார் கொண்டு வாறன், ரெண்டும் 5×100 தானே" என்றான். ஐந்து நட், அவை உட்காரும் வட்டம் 100 மில்லிமீற்றர், அதுதான் அந்தக் கணக்கு. டொயோட்டா அலியனுக்கும் பிரியஸ் 30க்கும் அது ஒன்றாக இருந்ததால் அன்று இரவு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மகள் பின் சீற்றில் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே அடி 80இல் நாவற்குடாப் பக்கம் பஸ் ஒன்றுக்கு முன்னால் பட்டிருந்தால் என்று திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஒருவர், "வெல்டிங் வச்சுத் தாறன், புதுசு மாதிரி இருக்கும்" என்றார். வேண்டாம் என்றேன். இதை வாசிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன், விளிம்பு உடைந்த அலோய் ரிம்மை ஒட்டி, அதுவும் முன் சக்கரத்தில், போட்டு ஓடாதீர்கள். ஒட்டுகிற சூட்டில் பக்கத்து அலோயின் பலமும் போய்விடுகிறது, பெயின்ட் அடித்த பிறகு அது வெளியில் தெரிவதும் இல்லை.

ஒரிஜினல் செட் தேடுவது லேசாக இருக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து 2025 தொடக்கத்தில் திரும்பத் திறக்கும்வரை ஊரில் ஓடியதெல்லாம் பழைய கார்தான், எல்லோருக்கும் பழைய காருக்குரிய சாமான் தேவைப்பட்டது, விலையும் அதற்கேற்ப ஏறியது. வாகனச் சாமான் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் தெரிந்தவர் மூலம் விசாரித்தேன், இருந்தது, ஆனால் நேரில் பார்க்காமல் எடுக்க மனம் வரவில்லை. இணைய விளம்பரங்களில் எல்லோரும் ரிம்மின் முன்பக்கத்தை மட்டும்தான் படம் போடுகிறார்கள். பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் பாதிப் பேர் பதிலே தருவதில்லை.

கல்முனைக் கடை பெரிய கடை அல்ல. முன்னால் பம்பர், லைட், கண்ணாடி எல்லாம் தொங்கும், ரிம்கள் பின்னால் கூரை வரை அடுக்கியிருக்கும். கடைக்காரக் காக்காவுக்கு அறுபது வயசு இருக்கும். கார் என்ன என்று கேட்டார், பொடியனிடம் சொல்லி நாலை இறக்கினார், இறக்கியதும் நாலையும் கவிழ்த்து வைத்தார்.

"முகத்தப் பாக்காதீங்க தம்பி, முதுகப் பாருங்க."

ரிம்மின் ஒரு கையின் பின்புறத்தில் 15X6J என்று வார்த்திருந்தது, பக்கத்தில் 45, கொஞ்சம் தள்ளி ஜேடபிள்யூஎல் முத்திரை. 15 என்பது விட்டம், 6 என்பது அகலம், ஜே என்பது விளிம்பின் வடிவம், 45 என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப் ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீற்றர் வெளியே தள்ளியிருக்கிறது என்ற கணக்கு. இந்தக் கடைசி எண்ணைப் பலரும் கவனிப்பதில்லை. அது குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும், பெயாரிங்குக்குச் சுமை கூடும், ஆள் ஏறினால் மட்காட்டில் டயர் உரசும். ஜேடபிள்யூஎல் என்பது ஜப்பானின் அலோய் ரிம் தர முத்திரை. வளைத்துச் சுழற்றுவது, சுமை வைத்து உருட்டுவது, அடித்துப் பார்ப்பது என்று மூன்று சோதனை அதற்கு உண்டு. ஆனால் அந்த முத்திரை, ரிம் செய்கிற கம்பனியே தன் பொறுப்பில் போட்டுக்கொள்வதுதான், அதனால் கொப்பிக்காரனும் அதை வார்த்துவிடுகிறான். என் உடைந்த ரிம்மிலும் அது இருந்தது! கடையில் வாங்கும் வெளி பிராண்ட் ஜப்பான் ரிம் என்றால் கூடவே வீஐஏ முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள், அது வெளியார் சோதித்துப் பதிந்த பிறகு வருவது. கம்பனி ரிம் என்றால் அளவு, 45 போன்ற எண், வார்ப்புத் திகதி காட்டும் சின்ன வட்டம், நடு ஓட்டை 54.1, இவை எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். காக்கா வேர்னியர் அளவுகோல் கொண்டுவந்து நடு ஓட்டையை அளந்தே காட்டினார்.

உடையாமல் மிஞ்சிய 17 இஞ்ச் ரிம் ஒன்றைப் பழைய அலுமினியத்துக்குக் கொடுக்கலாம் என்று டயர் கழற்றிக் கொண்டுபோயிருந்தேன். அதைத் தராசில் போட்டபோது 10 கிலோ 600 கிராம். சும்மா ஒரு ஆசைக்கு, வாங்கப்போகிற 15ஐயும் போடச் சொன்னேன். ஏழரைக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சக்கரத்துக்கு மூன்று கிலோ வித்தியாசம். பெரிய ரிம் என்றால் பாரம் கூடத்தான் செய்யும், ஆனாலும் இத்தனை பாரமான ஒன்று 40இல் உடைகிறது என்றால் அந்தப் பாரத்தில் பலம் இல்லை என்றுதானே அர்த்தம்? அலோயை எப்படி வார்த்தார்கள், வார்த்த பிறகு எப்படிச் சூடேற்றிப் பதப்படுத்தினார்கள் என்பதில்தான் பலம் இருக்கிறது, அதைக் கண்ணால் பார்க்க முடியாது.

காசு கொடுக்குமுன் நாலையும் பக்கத்து டயர் கடையில் பேலன்ஸ் மெஷினில் ஏற்றிச் சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "தாராளமாப் பாருங்க" என்றார். இதற்குச் சம்மதிக்காத கடையில் நான் பாவித்த ரிம் எடுக்கமாட்டேன். மெஷினில் சுற்றும்போது விளிம்பின் மேல் கண்ணை வைத்துக்கொள்ள வேண்டும், ஆடாமல் ஒரு கோடுபோல் நின்றால் சரி. மூன்று அப்படி நின்றன. ஒன்று லேசாக ஆடியது, காக்கா பேச்சுக்கே இடம் வைக்காமல் வேறொன்றை எடுத்துத் தந்தார். அதுதான் தழும்பு உள்ள ரிம். தழும்பு வெளியில்தான், ரிம் நேர்.

இரண்டில் டயரும் மாட்டி வந்திருந்தது, ரோட்டில் படும் பட்டன் தேயாமல் புத்தம்புதுசாக. அதையும் சேர்த்து எடுக்கலாம் என்று ஆசை வந்தது. பக்கத்தில் ஸ்டட்லெஸ் என்று எழுதியிருந்தது, ஜப்பானில் பனிக்காலத்துக்குப் போடுகிற மெத்தென்ற ரப்பர். அங்கிருந்து வரும் ரிம்களோடு இப்படி டயர் நிறைய வருகிறது. நம் வெயிலில் தார் ரோட்டில் அது அழிரப்பர் மாதிரித் தேயும், மழையில் வழுக்கும். திகதி எண் 3814, அதாவது 2014ஆம் வருடம் 38ஆவது கிழமை. பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த வயசு டயர் வேண்டாம். கழற்றியபோது டயர் உட்காரும் இடத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. உப்பு தின்ற அடையாளம் அது, அப்படியே விட்டால் அந்த இடத்தால்தான் காற்று கசியும். டயர் கடைப் பொடியன் கம்பித் தூரிகையால் அரை மணி நேரம் தேய்த்து, புது வால்வு போட்டு, புது 195/65 டயர் ஏற்றி, சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்துத் தந்தான். நல்ல கை.

நட் விசயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். டொயோட்டாவிலேயே சில அலோய் ரிம்முக்குத் தட்டை வாஷர் வைத்த நட், சிலதுக்குக் கூம்பு நட். ரிம்மின் ஓட்டையைப் பார்த்தாலே தெரியும், வாய் சரிந்திருந்தால் கூம்பு, தட்டையாக இருந்தால் வாஷர். மாறிப் போட்டால் இறுக்கமாக இருப்பதுபோல் இருக்கும், ஆனால் பிடிப்பு இருக்காது. காக்கா ஓட்டையைப் பார்த்து 20 ஒரிஜினல் நட் எண்ணித் தந்தார். பழைய கொப்பி ரிம்மின் நட்டைக் கொண்டுபோய்க் குப்பையில் போடச் சொன்னார். இறுக்கும்போது காற்றுத் துப்பாக்கியால் அடிக்க விடவில்லை. இறுக்கத்தை அளந்து காட்டும் டொர்க் ரெஞ்ச் கேட்டு 103 நியூட்டன் மீற்றரில், ஒன்றுவிட்டு ஒன்றாக நட்சத்திர ஒழுங்கில் இறுக்கினோம். நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு திரும்ப ஒரு தரம் பார்த்தேன்.

அன்று கல்முனையிலிருந்து கல்லடி வரை வந்த பயணத்தைச் சொல்ல வேண்டும். மருதமுனை தாண்டி ரோட்டு வெறுமையாகக் கிடந்த இடத்தில் 80 வைத்துப் பார்த்தேன், ஸ்டீரிங் அசையவே இல்லை. ஒரு விரலில் பிடித்துக்கொண்டு வரலாம். மூன்று வருடமாகக் காரின் குணம் என்று நினைத்துச் சகித்துக்கொண்டது ரிம்மின் குணம்தான். கிடங்கில் விழும் சத்தமும் மாறிவிட்டது. 215/45 டயரில் ரப்பர் சுவரின் உயரம் 97 மில்லிமீற்றர், 195/65இல் 127, அந்த 30 மில்லிமீற்றர் ரப்பர்தான் அடியை வாங்குகிறது. வெளி விட்டம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் வேகம் காட்டுவதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அம்மா முழங்கால் நோவுக்காரி, அவவுக்கு ரிம் மாற்றியது தெரியாது, அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, "இண்டைக்கு மெதுவா ஓடுறாய் மனே" என்றா. நான் வழமையான வேகத்தில்தான் ஓடினேன்.

எண்ணெய்க்கு ஓடும் தூரமும் என் குறிப்புப் புத்தகத்தின்படி லீட்டருக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் மட்டில் கூடியிருக்கிறது. டயரை மெலிசாக்கியதும் பாரத்தைக் குறைத்ததும் அதற்குக் காரணமாக இருக்கலாம். 195/65 டயர் எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கிறது என்பதுதான் எனக்கு அதைவிட நிம்மதி. 215/45க்கு ஒவ்வொரு தரமும் கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருந்தேன்.

குறை இல்லாமல் இல்லை. கடை ஒரு கிழமைதான் பொறுப்பு என்றது, எழுத்தில் எதுவும் தரவில்லை. 78,000 என்பது பாவித்த சாமானுக்குக் கூடிய விலைதான், நான் கேட்டும் அவர் குறைத்தது இரண்டாயிரம். கடல் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இன்னொன்று: ஒரிஜினல் பூச்சு உறுதியானது, ஆனாலும் தழும்பு பட்ட இடத்தில் உப்பு ஏறிப் பூச்சு கிளம்பத் தொடங்குகிறது, என் தழும்பு ரிம்மில் இப்போது நகம் அளவு கிளம்பியிருக்கிறது. வாரம் ஒரு தரம் நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். பிரியஸில் மோட்டாரே பாதி பிரேக் பிடிப்பதால் கறுப்புத் தூசு குறைவு, கழுவுவது சிரமமும் இல்லை.

இதைக் கேட்டுவிட்டு ஹொண்டா ஃபிட் வைத்திருக்கும் மைத்துனர், டொயோட்டா விட்ஸ் ரிம் செட் ஒன்று மலிவாக வருகிறது, இரண்டும் 4×100 தானே, எடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஹொண்டாவின் ஹப் 56.1, டொயோட்டா ரிம்மின் ஓட்டை 54.1, உள்ளே போகாது. கடைந்து பெரிதாக்கித் தருகிறோம் என்பார்கள், அதற்குப் பிறகு அதை ஏன் ஒரிஜினல் என்று சொல்ல வேண்டும்? நட்டும் வேறு, ஹொண்டாவின் ஒரிஜினல் ரிம்முக்கு உருண்டை வாய் நட். அவருக்கு ஃபிட்டுக்கே வந்த ஒரிஜினல் இரும்பு ரிம் நாலு, கப்போடு, நான் கொடுத்ததில் பாதிக்கும் குறைவாகக் கிடைத்தது. படுவான்கரை ரோட்டில் நாளாந்தம் ஓடுகிறவருக்கு அதைவிட நல்லது இல்லை. வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம்.

மூன்று சக்கரத்தில் கப் இருக்கிறது, இடது பின் சக்கரம் மட்டும் அலோய் தெரிய வெறுமையாக ஓடுகிறது. கிளிப் உடையாத கப் ஒன்று அடுத்த கொண்டெய்னரில் வந்தால் எடுத்து வைப்பதாகக் காக்கா சொன்னார். போன கிழமை எடுத்துக் கேட்டேன், வந்த இரண்டும் 17 இஞ்சுக்குரியதாம். அடுத்ததுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.